பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு அட்ரோபின் சொட்டு மருந்து: எது நடக்கும், எது நடக்காது

எட்டு வயதுப் பிள்ளைக்கு மைனஸ் பவரில் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் கண் மருத்துவர், அதே சீட்டில் ஒரு சொட்டு மருந்தையும் எழுதுகிறார். அட்ரோபின் 0.01 சதவீதம், இரவு படுக்கும்போது இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, குறைந்தது இரண்டு வருஷம். பெற்றோர் வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இந்த மருந்து நன்றாக வேலை செய்தது என்று ஒரு செய்தி. அமெரிக்காவில் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று இன்னொரு செய்தி. ஹாங்காங்கில் 0.05 சதவீதம்தான் சரி என்கிறார்கள். ஜப்பானோ 2024 டிசம்பரில் 0.025 சதவீத மருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரே மருந்துக்கு ஊருக்கு ஊர் ஒரு கதை. இதில் எதை நம்புவது?

இந்தச் செய்திகள் எதுவுமே பொய் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த அளவுகோல் கண்ணாடியின் பவர் அல்ல, கண்ணின் நீளம். அதிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

மூன்று சொட்டுகளைப் பிரித்துக்கொள்வோம்

கண் சொட்டு மருந்தையும் கண்ணாடியையும் சேர்த்து வரும் செய்திகளில் குறைந்தது மூன்று வேறு வேறு மருந்துகள் கலந்து கிடக்கின்றன.

1. பரிசோதனைக்கு விடும் சொட்டு. பிள்ளையின் கண்ணில் மருந்து விட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, அப்புறம் பவர் பார்ப்பார்கள். பிள்ளைகளின் கண் தசை பலமானது. அது இறுகிக்கொண்டால் இல்லாத மைனஸ் பவரும் இருப்பதுபோலக் காட்டும். அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி உண்மையான பவரைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சொட்டு. இது சிகிச்சை இல்லை.

2. வெள்ளெழுத்துக்கான சொட்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் எழுத்து மங்குவதற்கானது. 2024 செப்டம்பரில் இந்தியாவில் 'இனி கண்ணாடி வேண்டாம்' என்ற தொனியில் பெரிதாகச் செய்தி வந்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சில நாட்களிலேயே அதன் அனுமதியை நிறுத்திவைத்தார்களே, அந்த மருந்து இந்த வகை. அதிலிருப்பது பைலோகார்பின். அது கண்பாவையைச் சுருக்கும். பிள்ளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

3. கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைக்கும் சொட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விடுவது. இதிலிருப்பது அட்ரோபின். பைலோகார்பினுக்கு நேர் எதிராக, இது கண்பாவையை விரிக்கும்.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

கிட்டப்பார்வை என்பது நீளத்தின் கணக்கு

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். முதல் மூன்று நான்கு வருஷங்களில் அது வேகமாக வளரும். பள்ளி வயதில் வளர்ச்சி மெதுவாகி, பெரியவர்கள் ஆகும்போது ஏறக்குறைய 23.5 முதல் 24 மில்லிமீட்டரில் நிற்கும். வெளியிலிருந்து வரும் ஒளி கண்ணின் முன்பக்கத்தில் வளைந்து, பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் சரியாகக் குவிய வேண்டும். முன்பக்கத்தின் வளைவும் கண்ணின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்தால் கண்ணாடி தேவைப்படாது.

சில பிள்ளைகளுக்குக் கண் அளவைத் தாண்டி நீண்டுகொண்டே போகிறது. ஒளி குவியும் புள்ளி அங்கேயே நிற்க, விழித்திரை பின்னால் நகர்ந்துவிடுகிறது. கரும்பலகை மங்குகிறது, கையிலிருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரிகிறது. இதுதான் கிட்டப்பார்வை. கண் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் தோராயமாக இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) ஏறிவிடும். அதனால்தான் கண் மருத்துவத்தில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குகூடப் பெரிய விஷயம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் உடனே புரியும். ஒன்று, நீண்ட கண்ணைத் திரும்பச் சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. சொட்டு மருந்து விட்டால் பவர் இறங்கும், கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மைனஸ் இரண்டில் இருக்கும் பிள்ளை மூன்று வருஷம் கழித்து மைனஸ் நான்கரைக்குப் போவதற்குப் பதிலாக மைனஸ் மூன்றேகாலில் நிற்கலாம். இந்த மருந்திடம் எதிர்பார்க்கக்கூடியது அந்த மாதிரியான லாபம்தான். பொன்னாங்கண்ணியும் காரட்டும் நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை உதவும். ஆனால் நீளம் கூடிய கண்ணில் அவற்றுக்கு வேலை இல்லை. கண் பயிற்சிகளும் அப்படியே.

இரண்டு, 'பதினெட்டு வயதானதும் லேசர் பண்ணிக்கொள்ளலாம், அதுவரை ஏறினால் ஏறட்டும்' என்ற சமாதானம் தப்பு. லேசர் கண்ணின் முன்பக்கத்தை மட்டும் செதுக்குகிறது. கண்ணாடி போகும், கண்ணின் நீளம் அப்படியே இருக்கும். ஆபத்து அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

எந்த ஆபத்து?

நீளும் கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. ஊதின பலூனின் ரப்பர் மெலிவதைப்போல. மைனஸ் ஆறும் அதற்கு மேலும் போனவர்களை அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் என்று பிரிப்பார்கள். அவர்களுக்கு நடுவயதில் விழித்திரை கிழிவது, விலகுவது, பார்வையின் மையப்பகுதி தேய்ந்துபோவது, கண் அழுத்த நோய், சீக்கிரமே கண்புரை ஆகியவை மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. மையப்பகுதி தேய்ந்தபின் எந்தக் கண்ணாடி போட்டாலும் எதிரில் இருப்பவரின் முகம் தெளியாது.

கொஞ்சம் குறைத்தால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். கிட்டப்பார்வையை ஒரே ஒரு டயாப்டர் குறைவாக நிறுத்தினாலே, அந்த மையப்பகுதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019-இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. எட்டு வயதில் ராத்திரி விடும் ஒரு சொட்டு, ஐம்பது வயதுப் பார்வைக்காக விடப்படுகிறது. பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. பெற்றோர்தான் அதை வைத்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கிழக்காசியா எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறது. தென்கொரியாவின் சோல் நகரில் 19 வயது ஆண்களைப் பரிசோதித்தபோது 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. டெல்லிப் பள்ளிகளில் 5 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் அது 13.1 சதவீதம். நாம் இன்னும் அங்கே போகவில்லை. ஆனால் போகும் வழி அதேதான்: சின்ன வயதிலேயே நீண்ட நேரப் படிப்பு, குறைந்த வெளிச்சம், கையில் திரை.

ஊமத்தையின் உறவுக்கார மருந்து

அட்ரோபின் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவின் பெல்லடோனா செடியிலிருந்து எடுத்தார்கள். நம்மூர் வேலியோரம் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் ஊமத்தையும் அதே குடும்பம், அதிலும் இந்தப் பொருள் இருக்கிறது. ஊமத்தைச் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்பாவை விரிந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கிப்போவது இதனால்தான். அந்தச் செடியை விஷம் என்று நம் ஊரில் சொல்வது சரியானதே. அளவு மாறினால் இந்த மருந்தும் விஷம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிட்டத்தில் பார்க்கும்போது இறுகும் தசையை அட்ரோபின் தளர்த்துகிறது, அதனால் கிட்டப்பார்வை நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கோழிக்குஞ்சுகளில் செய்த சோதனை அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. கோழியின் கண் தசை வேறு வகையானது, அட்ரோபினுக்கு அது அசையாது. ஆனாலும் அட்ரோபின் கொடுத்தபோது குஞ்சுகளின் கண் நீள்வது குறைந்தது. ஆக மருந்து தசை வழியாக வேலை செய்யவில்லை. விழித்திரையிலிருந்து வெள்விழிச் சுவர்வரை போகும் 'வளர், நில்' என்ற ரசாயனச் செய்திகளில் எங்கோ அது குறுக்கிடுகிறது. எந்த இடத்தில் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

தசை வழியாக இல்லை என்பதால் ஒரு நல்ல வாய்ப்பு பிறந்தது. தசையைத் தொந்தரவு செய்யாத அளவுக்கு மருந்தைக் குறைத்துவிட்டு, நீளத்தின் மேல் வேலை செய்யும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் ஆராய்ச்சியெல்லாம் இந்தக் கேள்விக்கான விடையைத் தேடித்தான்.

சிங்கப்பூர் கண்டது

சிங்கப்பூரில் 6 முதல் 12 வயதுவரையுள்ள 400 பிள்ளைகளிடம் முதல் பெரிய சோதனை நடந்தது. முடிவு 2006-இல் வெளியானது. மருந்துக் குழுவில் ஒரு கண்ணுக்கு மட்டும் 1 சதவீத அட்ரோபின் விட்டார்கள். இரண்டு வருஷத்தில், வெறும் சொட்டு விட்ட கண்கள் சராசரியாக 1.20 டயாப்டர் ஏறின. மருந்து விட்ட கண்கள் 0.28 மட்டுமே. நீளக் கணக்கு இன்னும் தெளிவு: வெறும் சொட்டுக் கண்கள் 0.38 மில்லிமீட்டர் நீண்டன, மருந்துக் கண்கள் கிட்டத்தட்ட நீளவே இல்லை.

அற்புதமான முடிவுதான். ஆனால் 1 சதவீதம் விட்ட கண்ணின் பாவை பகலெல்லாம் அகலமாக விரிந்தே இருக்கும். வெயிலில் கண் கூசும், புத்தகம் படிக்க முடியாது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் மருந்தை நிறுத்திய பிறகு வந்தது. அடுத்த ஒரே வருஷத்தில் மருந்து விட்ட கண்கள் 1.14 டயாப்டர் ஏறின, வெறும் சொட்டுக் கண்கள் 0.38 மட்டுமே ஏறின. அழுத்திப் பிடித்த சுருள்கம்பியை விட்டால் துள்ளுமே, அப்படி ஒரு துள்ளல்.

அதனால் இரண்டாவது சோதனையில் அளவைக் குறைத்தார்கள்: 0.5, 0.1, 0.01 சதவீதம். மறுபடியும் 400 பிள்ளைகள், 2012-இல் முடிவு. இரண்டு வருஷத்தில் பவர் முறையே 0.30, 0.38, 0.49 டயாப்டர் ஏறியது. நிறுத்திய பிறகுதான் யாரும் எதிர்பாராத திருப்பம். மிகக் குறைந்த 0.01 சதவீதத்தில் துள்ளல் மிகக் குறைவு. ஐந்து வருஷக் கணக்கை 2016-இல் போட்டபோது அந்தக் குழுதான் எல்லாரையும்விடக் குறைவாக ஏறியிருந்தது. கண் கூச்சம் இல்லை, படிப்பதில் சிரமம் இல்லை. உலகமெங்கும் 0.01 சதவீதம் பரவியது இதற்குப் பிறகுதான். இந்தியாவிலும் மருத்துவர்கள் முதலில் எழுதத் தொடங்கியது அதைத்தான்.

நீளம் இடித்த இடம்

ஒரு விஷயத்தை அப்போதே சிலர் கவனித்தார்கள். 0.01 சதவீதக் குழுவில் பவர் ஏற்றம் குறைந்தது சரி. கண் எவ்வளவு நீண்டது? 0.41 மில்லிமீட்டர். முதல் சோதனையில் மருந்தே விடாத கண்கள் நீண்டதோ 0.38. அதாவது நீளத்தை வைத்துப் பார்த்தால் மருந்து ஒன்றுமே செய்யாததுபோல இருக்கிறது!

இன்னொரு குறையும் இருந்தது. இரண்டாவது சோதனையில் வெறும் சொட்டு விடும் குழு கிடையாது. மூன்று குழுவுக்கும் மருந்துதான். ஒப்பிட வேண்டுமென்றால் சில வருஷங்களுக்கு முந்தைய சோதனையின் பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும். அது வேறு காலம், வேறு பிள்ளைகள். பக்கத்துப் பாத்தியில் உரம் போடாத செடியை வைத்துக்கொள்ளாமல், போன வருஷத்துச் செடியோடு ஒப்பிட்டு உரத்தை மெச்சுவது போன்றது அது.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் இந்தக் குறையைச் சரிசெய்தது. 4 முதல் 12 வயதுவரையுள்ள 438 பிள்ளைகள், நான்கு குழுக்கள், அதில் ஒன்று வெறும் சொட்டு. 2019-இல் வெளியான முதல் வருஷ முடிவு இது:

1. வெறும் சொட்டு: பவர் 0.81 டயாப்டர் ஏற்றம், நீளம் 0.41 மி.மீ.
2. 0.01 சதவீதம்: 0.59 டயாப்டர், 0.36 மி.மீ.
3. 0.025 சதவீதம்: 0.46 டயாப்டர், 0.29 மி.மீ.
4. 0.05 சதவீதம்: 0.27 டயாப்டர், 0.20 மி.மீ.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தால் போதும். அளவு கூடக் கூடப் பலன் கூடுகிறது. 0.01 சதவீதம் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நீளத்தில் அதன் லாபம் 0.05 மில்லிமீட்டர்தான். 0.05 சதவீதம் நீளும் வேகத்தைப் பாதியாக்கியது. இரண்டாவது வருஷ முடிவும் இதே திசையில்தான். பக்கவிளைவு? 0.05 சதவீதத்தில் கண்பாவை வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்தது. கிட்டத்தில் குவிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு டயாப்டர் குறைந்தது. பிள்ளைகளுக்கு அந்தத் திறன் தாராளமாக இருப்பதால் பெரும்பாலோர் படிப்பதில் கஷ்டப்படவில்லை.

இதே ஆய்வில் வயதைப் பற்றி வந்த தகவல்தான் பெற்றோருக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். வயது குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. 6 வயதுப் பிள்ளைக்கு 0.05 சதவீதம் தரும் பலனை 8 வயதுப் பிள்ளைக்கு 0.025 தந்துவிடுகிறது, 10 வயதுப் பிள்ளைக்கு 0.01 போதுமாகிறது. சின்னப் பிள்ளை, கொஞ்சமாக விடுவோம் என்ற நம் இயல்பான எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஆறேழு வயதிலேயே கண்ணாடி வந்த பிள்ளைகள்தான் பின்னாளில் அதிகப் பவருக்குப் போகிறவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் அமெரிக்கச் செய்தி?

அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுவரையுள்ள 187 பிள்ளைகளிடம் 0.01 சதவீதத்தை இரண்டு வருஷம் வெறும் சொட்டோடு ஒப்பிட்டு, 2023-இல் முடிவைச் சொன்னார்கள். மருந்துக் குழு 0.82 டயாப்டர், வெறும் சொட்டுக் குழு 0.80. நீளம் 0.44, 0.45. வித்தியாசம் இல்லை.

அதே 2023-இல், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்த்து 576 பிள்ளைகளிடம் மூன்று வருஷம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் வந்தது. அதில் 0.01 சதவீதத்துக்குப் பலன் இருந்தது. எவ்வளவு? மூன்று வருஷத்தில் கால் டயாப்டருக்குச் சற்றுக் குறைவு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று இந்தியப் பிள்ளைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வருஷத்தில் மருந்துக் குழு 0.16 டயாப்டரும் மற்றக் குழு 0.35 டயாப்டரும் ஏறின. பவரில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நீளத்தில் 0.22, 0.28 என்று வித்தியாசம் சிறிது.

எல்லாவற்றையும் அருகருகே வைத்தால் முரண்பாடு கரைகிறது. 0.01 சதவீதத்தின் பலன் சிறியது. சிறிய பலன் ஒரு சோதனையில் தெரியும், இன்னொன்றில் தெரியாமல் போகும். அமெரிக்கச் சோதனை 0.01-ஐத்தான் சோதித்தது, 0.05-ஐ அல்ல. 'அட்ரோபின் வேலை செய்யாது' என்று தலைப்புப் போட்டவர்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள். பரம்பரை, படிப்புப் பழக்கம், வெயில் ஆகியவை ஊருக்கு ஊர் மாறுவதும் முடிவுகளை மாற்றும்.

புள்ளி இடம் மாறினால்

அந்தப் புள்ளி சோதனைத் தாள்களில் மட்டும் முக்கியமானது இல்லை, வீட்டு அலமாரியிலும் முக்கியமானது. பவர் பரிசோதனைக்காக 1 சதவீத அட்ரோபினைக் களிம்பாகவோ சொட்டாகவோ வீட்டிலேயே சில நாள் போட்டுவிட்டு வரச் சொல்வது நம் ஊரில் உண்டு. மீந்ததை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சில மாதம் கழித்து அதே பிள்ளைக்கு 0.01 சதவீதம் எழுதப்படுகிறது. இரண்டு உறையிலும் அட்ரோபின் என்றே பெரிதாக இருக்கும். அளவு மட்டும் கீழே பொடி எழுத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.01 சதவீதத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மருந்து. 1 சதவீதத்தில் 10 மில்லிகிராம், நூறு மடங்கு. ஒரு மில்லியில் இருபது சொட்டு என்று வைத்தால், 1 சதவீதப் பாட்டிலின் ஒரே சொட்டில் 0.01 சதவீதத்தின் நூறு சொட்டு இருக்கிறது. ஒரு குட்டித் தங்கை அதைக் குடித்துவிட்டால் நிலைமை மோசமாகும். முகம் சிவப்பது, வாய் உலர்வது, காய்ச்சல், நெஞ்சுத் துடிப்பு வேகமாவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.

ஆகவே மருந்துக் கடையில் வாங்கும்போதே எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். சீட்டில் உள்ளதும் பாட்டிலில் உள்ளதும் புள்ளிக்குப் பின் அதே எண்களா என்று பாருங்கள். மீந்த 1 சதவீதத்தை வீட்டில் வைக்க வேண்டாம். கடையில் வாங்கிய 1 சதவீதத்தை வீட்டிலேயே தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அளவும் தவறும், கிருமியும் சேரும்.

சொட்டு விடும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் நுனி இமையிலோ முடியிலோ படக்கூடாது. கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிஷம் விரலால் லேசாக அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலப்பது குறையும். அப்புறம் உங்கள் கையைக் கழுவிவிடுங்கள்.

யாருக்கு, எதைப் பார்த்துத் தொடங்குவது

மைனஸ் பவர் வந்த எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவை என்று சொல்ல முடியாது. பதினாலு வயதில் மைனஸ் முக்கால் வந்த பிள்ளையும், ஆறு வயதில் மைனஸ் ஒன்றரை வந்து ஆறு மாதத்தில் மைனஸ் இரண்டேகால் ஆன பிள்ளையும் ஒன்றல்ல. மருத்துவர்கள் பார்ப்பது வயது, ஏறும் வேகம், பெற்றோரின் பவர். இவற்றோடு கண்ணின் நீளத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதை அளக்கும் கருவி கண்ணைத் தொடாது, சில விநாடிகளில் முடிந்துவிடும். சீட்டில் 24.12 என்பது மாதிரி ஓர் எண் வரும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பவர் நம்மை ஏமாற்றக்கூடும். தசை தளர்ந்தாலே பவர் கொஞ்சம் குறைவாகக் காட்டும், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நீளம் அப்படி ஏமாற்றாது. ஒரு பிள்ளைக்கு ஜூனில் 24.12, டிசம்பரில் 24.34 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 0.22. வருஷத்துக்கு 0.44 என்ற வேகம். ஹாங்காங்கில் மருந்தே விடாத குழுவின் வேகமும் ஏறக்குறைய அதுதான். அந்தச் சமயத்தில் 'இன்னும் ஒரு வருஷம் இதையே விடலாம்' என்று விட்டுவிடாமல், அளவைக் கூட்டலாமா, வேறு முறையைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வேறு முறைகள் இருக்கின்றன. லென்ஸின் நடுவில் சாதாரணப் பவரும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண் லென்ஸ்களும் பதித்த சிறப்புக் கண்ணாடிகள் அவற்றில் ஒன்று. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்த வகைக் கண்ணாடி, இரண்டு வருஷச் சோதனையில் நீளும் வேகத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. ராத்திரி மட்டும் போட்டுக் காலையில் கழற்றும் கெட்டி லென்ஸும் உண்டு. அதற்குச் சுத்தம் மிகமிக முக்கியம். இவற்றின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. அங்கேதான் சொட்டு மருந்தின் அருமை தெரிகிறது.

மருந்து விட்டாலும் கண்ணாடி சரியான பவரில் போட்டே ஆக வேண்டும். பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்று சொல்வார்கள். மலேசியாவில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2002-இல் வெளியான அந்த முடிவில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியிருந்தது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது கஷ்டம் என்று கண்ணாடியை மறைத்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை வகுப்பில் கரும்பலகையைப் பக்கத்தில் இருப்பவளின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சில பிள்ளைகளுக்கு மருந்து தொடங்கும் முன் கூடுதல் கவனம் வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், பள்ளி வயதுக்கு முன்பே அதிகப் பவர் வந்தவர்கள். கடைசி வகையினருக்கு அடியில் வேறு பரம்பரை நோய் இருக்கலாம், அதை முதலில் பார்க்க வேண்டும்.

பாட்டிலில் அடைக்க முடியாத மருந்து

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6, 7 வயதில், ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் படிப்பது ஒன்றும் குறைவில்லை. அவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனத்தின் சுரப்பைக் கூட்டி, கண் நீள்வதைத் தடுக்கிறது என்பது இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே திறந்தவெளியில் பத்தாயிரத்தைத் தாண்டும். வேப்ப மர நிழலில் உட்கார்ந்தால்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம். சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, உச்சி வெயிலில் காய வேண்டியதில்லை, வெளியில் இருந்தால் போதும். சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாளில் 40 நிமிஷம் மட்டும் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள், அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம், விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவான் 2010 முதல் தினம் இரண்டு மணி நேர வெளிப்புற நேரத்தைப் பள்ளித் திட்டமாகவே ஆக்கியது.

வெளிச்சம் முக்கியமாகக் கிட்டப்பார்வை வராமல் தடுக்கிறது. வந்தபின் வேகத்தைக் குறைப்பதில் அதன் பங்கு குறைவு. சொட்டு மருந்து பெரும்பாலும் வந்தபின் உதவுவது. வருமுன்னும் உதவுமா என்று ஹாங்காங்கில் 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். 0.05 சதவீதம் விட்டவர்களில் இரண்டு வருஷத்தில் 28.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெறும் சொட்டில் 53 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனாலும் கண்ணாடியே வராத பிள்ளைக்கு தினமும் மருந்து விடும் முன்னால், பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பள்ளியில் நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை என்பேன். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வரவேண்டாம், இதையும் கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது

சொட்டு மருந்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். பரீட்சை வந்தது, ஊருக்குப் போனோம், பாட்டில் தீர்ந்தது, கடையில் இல்லை என்று நடுவில் விட்டுப்போகும். சிங்கப்பூரின் இரண்டாவது சோதனையில் மருந்தை நிறுத்திய அடுத்த வருஷம், 0.5 சதவீதக் குழு 0.87 டயாப்டரும், 0.1 குழு 0.68 டயாப்டரும், 0.01 குழு 0.28 டயாப்டரும் ஏறின. அளவு பெரிதானால் துள்ளலும் பெரிது. ஹாங்காங்கில் மூன்றாவது வருஷம் சிலருக்கு நிறுத்திப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நிறுத்தும்போது வயது கூடியிருந்தால் துள்ளல் குறைவு.

எனவே ஒன்பது வயதில், பவர் ஒரு வருஷம் ஏறவில்லை என்ற சந்தோஷத்தில் நிறுத்திவிடுவது சரியில்லை. கண் தானாகவே நீள்வது குறையும் பதின்ம வயதின் நடுப்பகுதிவரை தொடர்வதும், கூடுதல் அளவில் இருந்தால் ஒரேயடியாக விடாமல் படிப்படியாக இறக்குவதும் பல மருத்துவர்கள் பின்பற்றும் வழி. நிறுத்தியபின் ஆறு மாதத்தில் ஒருமுறை, ஒரு வருஷத்தில் இன்னொருமுறை நீளத்தை அளக்க வேண்டும். பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். 24.12-இல் தொடங்கிய எண் இப்போது எங்கே நிற்கிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்த பிறகுதான் மருத்துவரால் மருந்தை மறுபடி தொடங்குவதா, விட்டுவிடுவதா என்று சொல்ல முடியும்.